கை கால் குளிர்ந்த செவ்வாய்க்கிழமை

எங்கள் வீட்டில் முதலில் பெரியவளுக்குத்தான் அம்மை போட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் முதுகு அரிக்கிறது என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் நீர்க் கொப்புளம். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலைந்து வாசலில் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. நாங்களும் கட்டினோம். அன்றிலிருந்து அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, கடுகு தாளிக்கவில்லை, நான் சவரம் செய்துகொள்ளவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் அவள் கிளம்புகிற வரைக்கும் அது அவள் வீடு. மூன்றாவது முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பும்வரை மாத்திரை, ஊசி எதுவும் அண்டக்கூடாது, பிள்ளை வாசலைத் தாண்டக்கூடாது. நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். என் உடம்பிலும் அந்தத் தழும்பு இருக்கிறது.

பெரியவள் ஒரு குறையும் இல்லாமல் எழுந்து மறுபடி பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதனால் சின்னவளுக்குப் போட்டபோது யாருக்கும் பயம் வரவில்லை. சின்னவளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். அம்மை போட்டும் உட்காரவில்லை. வேப்பிலைப் படுக்கையில் இருந்து நழுவிப் போய் வாசலில் நின்று தெருவில் போகிறவர்களிடம், "எங்க வீட்டுக்கு வராதீக, ஆத்தா இருக்கா, பிடிச்சுக்கிருவா" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

சுருளிப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் அக்கா வந்து கூட இருந்தாள். அம்மை வீட்டு முறையெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். என் மனைவிக்கு அவள் மதினி. வாய் ஓயாத ஆள். சொறியக் கையைக் கொண்டுபோனால் வேப்பங்கொத்தால் தட்டி, "ஏடி கழுத, சொறிஞ்சா மொகமெல்லாம் பள்ளம் விழுந்து ரோடு மாதிரி ஆயிரும். அப்பறம் உன்னைய எவன் கட்டுவான்" என்பாள். சின்னவள், "நீங்க கட்டிக்கங்க அத்த" என்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் என் காதில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

கொப்புளமெல்லாம் அடங்கிப் பொருக்கு கட்டிக்கொண்டு வந்தது. இடது தொடையில் ஒன்று மட்டும் ஆறவில்லை. சொறிந்து புண்ணாகி, சுற்றிலும் சிவந்து, தொட்டால் கல் மாதிரி இருந்தது. காய்ச்சல் விட்டுப் போனது மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். திங்கட்கிழமை உடம்பு கொதித்தது. சோறு வேண்டாம் என்றாள், தண்ணீர் வேண்டாம் என்றாள். ஏதோ உளறினாள். செவ்வாய்க்கிழமை மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது. ஒரு ராத்திரி தாங்கினால் போதும், ஆத்தா போகும்போது ஒரு சோதனை வைத்துவிட்டுப் போவாள் என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது. சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். ஆத்தா, பிள்ளையைக் குளிரவைத்துக் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தொட்டுப் பார்த்தால் கை, கால், நெற்றி எல்லாம் ஜில்லென்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் குளிர்ச்சி என்பது சாதாரணச் சொல் இல்லை. அம்மை இறங்குவதைக் குளிர்ந்துவிட்டாள் என்றுதான் சொல்வோம். கூழ் ஊற்றுவதும் இளநீர் வைப்பதும் பானகம் கரைப்பதும் அவள் குளிரத்தான். அக்கா பிள்ளையின் பாதத்தைத் தொட்டுவிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். "ஆத்தா குளுந்துட்டா, தம்பி. இங்கன வந்து தொட்டுப் பாரு." தொட்டேன். உண்மைதான். எனக்குக் கண் கலங்கியது. நான் கடைசியாகக் கண் கலங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

வெயிலில் வைத்திருந்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, முற்றத்தில் பலகையில் உட்காரவைத்தோம். உட்காரவில்லை, சரிந்தாள். என் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் சொம்பில் மொண்டு கொடுக்க, அக்கா ஊற்றினாள். மூன்று சொம்பு ஊற்றிய பிறகு மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இவ அழுகலங்க."

ஆத்தா இறங்கிவிட்டாள், பிள்ளை அசதியில் இருக்கிறாள் என்று அக்கா சொன்னாள்.

"இல்ல மதினி. தலையில தண்ணி பட்டா இவ தெருவையே கூட்டிருவா. நடுக்கங்கூட இல்ல. கண்ணத் தெறந்து பாத்துட்டு மூடிக்கிட்டா."

குளிப்பாட்டினால் குளிர்ந்துதானே இருக்கும், துவட்டிப் படுக்கவை என்று நான் சொன்னேன். மனைவி துவட்டினாள். துவட்டிக்கொண்டே வந்தவள் காலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். பாதத்தில் ஊதா நிறத்தில் வலை மாதிரி கோடு ஓடியிருந்தது. மஞ்சள் தண்ணீரின் கறையோ என்று துண்டால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. பிள்ளையை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். முறை முடியவில்லை, கூழ் ஊற்றவில்லை, வேப்பிலை அவிழ்க்கவில்லை. அக்கா குறுக்கே வந்து நின்றாள். தடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. வாசலில் இருந்து ஒரு கொத்தை உருவி ஈரத் தலையில் செருகி, "போறதுன்னா ஆத்தாளையுங் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். நான் வண்டியை எடுத்தேன்.

கம்பம் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டரம்மாவுக்கு வயது அதிகம் இருக்காது. பிள்ளையைக் கட்டிலில் போட்டதும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. கை விரல் நகத்தை அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. நெஞ்சில் அழுத்திப் பார்த்தார். பிள்ளை கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று கேட்டார். மனைவி நேற்று மத்தியானம் என்றாள். அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. இந்தக் கை, அந்தக் கை, புறங்கால். ஊசி குத்தும்போதும் சின்னவள் அழவில்லை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நரம்பு எல்லாம் சுருங்கிருச்சு. தேட நேரமில்ல. முட்டிக்குக் கீழ எலும்புல ஊசி போட்டு ஏத்தப் போறேன். காலைப் பிடிச்சுக்கங்க" என்றார். ஆத்தா உடம்பில் இருக்கும்போது இரும்பு படக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் அது நினைவு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டேன். எலும்புக்குள் அது இறங்கியது என் கைக்குத் தெரிந்தது. பெரிய சிரிஞ்சில் சலைன் எடுத்து ஒரு நர்ஸ் கையாலேயே தள்ளிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் இன்னொன்று. இடையில் கிருமி மருந்து. மூக்கில் ஆக்சிஜன். தலையில் இருந்த வேப்பிலையை யாரும் எடுக்கவில்லை.

"காய்ச்சல் விட்டுருச்சுன்னு நெனச்சோம்" என்று நான் சொன்னேன்.

"விடலண்ணே. தொடைப் புண்ணுல இருந்து கிருமி ரத்தத்துல கலந்துருச்சு. கை காலுக்கு அனுப்ப ரத்தத்துக்குத் தெம்பு இல்ல. உள்ள இருக்குற மூளை, இதயத்துக்கு மட்டும் கொண்டுபோய்க் காப்பாத்தப் பாக்குது. அதான் வெளிய குளுந்து போச்சு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில், தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டதாகவும், அங்கே கட்டில் தயாராக இருக்கும் என்றும், போகிற வழியிலும் மருந்து நிற்கக்கூடாது என்றும் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றினார்.

தேனி போகிற அந்த ரோடு எனக்கு மனப்பாடம். திராட்சைப் பெட்டிகளோடு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்று நான் செய்ததெல்லாம் போர்டு படித்ததுதான். உத்தமபாளையத்தில் நகைக் கடை, சின்னமனூரில் அரிசி மண்டி, உரக்கடை, ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் பெயர். ஒன்று விடாமல் படித்தேன். வேண்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றும், முருகா என்று ஆரம்பிப்பேன், அடுத்த போர்டு வந்துவிடும். மனைவி பிள்ளையின் பாதத்தைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே வந்தாள், அடுப்பு ஊதுகிற மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் ஐ.சி.யூ.வில், அம்மைப் பிள்ளை என்பதால் ஓரமாகத் தனி அறை கொடுத்தார்கள். தாய் மட்டும் உள்ளே. வாயில் குழாய் போட்டு மெஷின் மூச்சு கொடுத்தது. கழுத்தில் ஊசி வைத்து, பிரஷர் ஏற்றுகிற மருந்து சொட்டுச் சொட்டாகப் போனது. தொடையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர் என்னை நிற்கவைத்துச் சொன்னார்: இந்த மருந்து வேலை செய்தால் சிறுநீர் இறங்கும். குழாய் வழியாகப் பையில் சிறுநீர் வந்தால் ரத்தம் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். அதுவரை எதுவும் சொல்ல முடியாது. நான் தலையாட்டினேன். புரிந்துவிட்டதா என்று கேட்டார். ஒண்ணுக்கு வந்தா எம் பிள்ளை இருப்பா என்றேன். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். காலையில் குளித்துவிட்டு அவர் முன்னால் போய் நிற்பேன். பழக்கத்தில் கை தானாகக் கும்பிடும், தோப்புக்கரணம் போடும். ஆனால் உள்ளே ஒன்றும் அசையாது. மனசு மரத்துப்போன பல் மாதிரி இருந்தது. பிள்ளை ஒண்ணுக்குப் போகணும் என்று வாயால் சொல்லிவிட்டு வருவேன். சாமியிடம் இதைப் போய்க் கேட்கலாமா என்ற கூச்சம்கூட வரவில்லை.

ஆத்தா மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று பின்னால் பலபேர் கேட்டார்கள். வரவில்லை. குளிர்ந்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.

ஐ.சி.யூ. வாசலில் என்னோடு இன்னொரு தகப்பன் உட்கார்ந்திருந்தார். கம்பம்மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை; பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். அவர் பிள்ளை நடை பழகாத பிள்ளை. வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து அதற்கும் ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. மலையில் விடாத மழை, தோட்டத்துக்குள் ஜீப்பு வரவில்லை. "மழை விட்டாத்தான் வருவேன்னுட்டான் ஜீப்புக்காரன். வண்டி கிட்டல" என்று யார் கேட்டாலும் அதையே சொன்னார், வண்டி கிட்டல, வண்டி கிட்டல என்று. பிள்ளை ஏற்கெனவே எடை குறைவு. கீழே இறங்கி நேராக இங்கேதான் வந்திருக்கிறார்கள். வழியில் எங்கும் ஒரு சலைன் பாட்டில்கூட ஏறவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே இருந்து நர்ஸ் வந்தால் ஒன்றாக எழுந்திருப்போம்.

என் மச்சினன் சோறு கொண்டுவந்தான். என் மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன். என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். என் தாடியைப் பார்த்துவிட்டு, "மாமா, இப்படியே பழனிக்குப் போனீகன்னா வரிசையில நிக்க வேணாம், சாமியாருன்னு முன்னால விட்டுருவாக" என்றான். தோட்டத்துக்காரர்கூடச் சிரித்தார். அவர் இலையிலும் கொஞ்சம் சோறு வைத்தோம். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நர்ஸ் வந்து அவரை மட்டும் கூப்பிட்டார். நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். நீங்க இருங்க என்றார்.

பிள்ளையை ஒரு பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அவர் மனைவி வாங்கிக்கொண்டாள். அவர் பெஞ்சுக்கு வந்து தன் பையை எடுத்தார், என் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தனதா எனதா என்று பார்த்தார், வைத்துவிட்டார். "உங்க கொச்சு நல்லா இருக்கட்டும்" என்று என் பிள்ளையைச் சொல்லிவிட்டுப் போனார். நான் இலையை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். அவ்வளவுதான். அப்படி ஒரு சொல்லை அந்த நேரத்தில் அவர் சொல்லிவிட்டுப் போனாரே என்று நினைக்க எனக்குப் பல நாள் பிடித்தது.

சாயந்தரம் பெரிய டாக்டர் வந்தபோது கேட்டேன், தோட்டத்துக்காரர் பிள்ளை ஏன் போனது என்று. எனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் நின்றார். ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றார். சின்ன வயது, உடம்பில் சத்து இல்லை, வந்து சேர நேரமாகிவிட்டது, எந்தக் கிருமி, எத்தனை உறுப்பைத் தொட்டது, எல்லாம் சேர்ந்துதான். பிறகு, "உங்க பொண்ணும் நல்ல நிலையில வரல. கம்பத்துல எலும்புல ஊசி போட்டு ஏத்தி அனுப்புனாங்க பாருங்க, அதுல கிடைச்ச நேரந்தான் இப்ப நம்ம கையில இருக்குறது. அதுவும் போதுமான்னு இன்னும் தெரியாது" என்றார். எங்கள் வீட்டில் இருந்து கம்பத்துக்கு வண்டியில் கொஞ்ச தூரம். மேலே தோட்டத்துக்காரர் வீட்டில் இருந்து ஒரு மலை. நான் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததே நல்லது.

மறுநாள் காலையில் மனைவி வாசலுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பையில வந்துருச்சுங்க" என்றாள். எவ்வளவு என்றேன். கொஞ்சம், காப்பி நிறத்தில், ஆனால் வந்துகொண்டிருக்கிறது என்றாள். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்துபோய் மச்சினனுக்குப் போன் போட்டு, "ஒண்ணுக்குப் போயிட்டா" என்று சொன்னேன். தேங்காய் உடைக்கிறேன் மாமா என்று கத்தினான். உடை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு மெதுமெதுவாகத்தான் எல்லாம். பிரஷர் மருந்தைக் குறைத்தார்கள். ஒரு நாள் மறுபடி ஏற்றினார்கள். இடது காலில் இரண்டு விரல் நுனி கருத்துப்போனது. ரத்தம் போகாத நேரத்தில் போனது அது, திரும்பாது என்றார்கள். பிறகு வாயில் இருந்து குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகி, காற்று மாதிரி ஒரு குரலில் சின்னவள் முதலில் கேட்டது, "அத்த எங்க?"

அக்கா அத்தனை நாளும் வந்துகொண்டுதான் இருந்தாள். கட்டடத்துக்குள் வரவில்லை. காலையில் பஸ் ஏறி வந்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசிப் பஸ்சுக்கு முன்னால் போய்விடுவாள். யாரிடமும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கீழே போய்க் கூப்பிட்டேன்.

"நா வரல தம்பி. இந்தக் கையாலதான ஊத்துனேன்."

"மொண்டு குடுத்தது நான். வா, உன்னையத்தான் கேக்குறா."

"அவ கேப்பா. அவளுக்கு என்ன தெரியும்."

"உனக்கும் எனக்கும் என்னக்கா தெரிஞ்சுச்சு?"

எழுந்தாள். குழாயடியில் நின்று கையைக் கழுவினாள், முழங்கை வரைக்கும், போதும் என்று நான் சொல்லும்வரை. நர்ஸ் கொஞ்ச நேரத்துக்கு எங்களை உள்ளே விட்டார், சின்னவள் அவளைப் பார்த்தாள். அக்கா ஏதாவது கேலி சொல்வாள் என்று பிள்ளை காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. அக்கா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். கடைசியில், "சொறிஞ்சியா?" என்றாள். சின்னவள் இல்லை என்று தலையாட்டினாள். அக்காவும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் மானிட்டரில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டுக்கு மாற்றிய அன்று பெரிய டாக்டர் வந்து, இனிமேல் பயமில்லை, கருத்த விரல் நுனி தானாக உதிரும், நடப்பாள், வாயால் சாப்பிடக் கொடுத்துப் பாருங்கள் என்றார். கேட்டுக்கொண்டேன். கும்பிட்டேன். இட்லி வாங்க வெளியே போனேன். கடைக்காரர் எத்தனை என்றார். ஒன்று என்றேன். ஒரு இட்லியா, யாருக்கு என்று சிரித்தார். "எம் பிள்ளைக்கு. காரம் வேணாம். சீனி வச்சுக் குடுங்க."

மனைவி பாலில் பிசைந்து ஊட்டினாள். மூன்று வாய் வாங்கினாள். நாலாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் ஒண்ணு, ஆத்தா, இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று அக்கா கெஞ்சினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டி எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிடிவாதம் திரும்பிவிட்டது. மிச்சத்தை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன். பாலும் சீனியும் நாக்கில் இனித்தது. எனக்குப் பசிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.